பாட்டில் மூடியா, செராமிக்கா, ஒன்றுமே வேண்டாமா? பவளத் தொட்டிக்கு எந்த மீடியா

சம்ப் (பவளத் தொட்டியோடு இணைத்த, வடிகட்டலுக்கான துணைத் தொட்டி) வைத்த கடல்நீர்த் தொட்டிகளில் பெரும்பாலும் அந்தச் சம்பில் ஒரு காலி அறை இருக்கும். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் ஒரு பக்கம், தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் ஒரு பக்கம், நடுவில் வெறும் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் கை சும்மா இருக்காது. செராமிக் கட்டி போடலாமா, பயோபால் என்னும் வடிகட்டி உருண்டை போடலாமா என்று தொடங்கும் யோசனை சீக்கிரமே வேறு பக்கம் திரும்பும். மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஒட்டிக்கொள்ள ஒரு பரப்புதானே வேண்டும்? குப்பைக்குப் போகிற பாட்டில் மூடியையும் ஸ்ட்ராவையும் போட்டால் என்ன?

கேள்வி நியாயமானது. காசு கொடுத்து வாங்கும் பயோபாலும் பிளாஸ்டிக்தான். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாக்டீரியாவைப் பொறுத்தவரை வீணான பிளாஸ்டிக் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கல் நிறைந்த, ஓரளவு வயதான பவளத் தொட்டியில் அதற்கு வேலை இருப்பதே அபூர்வம். அது உண்மையில் கைகொடுக்கும் இடம், அதே வீட்டில் ஓரமாக இருக்கும் குவாரன்டைன் தொட்டி, அதாவது மீனைத் தனியே வைத்துச் சிகிச்சை செய்யும் தொட்டி. ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

முதலில் வேலை எவ்வளவு?

மீடியாவை (பாக்டீரியா ஒட்டி வளரப் போடும் பொருளை)ப் பற்றிய பேச்சு எப்போதும் பரப்பளவில்தான் தொடங்குகிறது. "இதில் லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர், அதில் அத்தனை" என்று. எத்தனை சதுர மீட்டர் வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத் தீனியிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

மீன் வளர்ப்புத் துறையில் புழங்கும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. போடும் உலர் தீனியின் எடையைப் புரதத்தின் பங்கால் பெருக்கி, மறுபடி 0.092-ஆல் பெருக்கினால், அந்த நாளில் உருவாகும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். ஒரு 300 லிட்டர் தொட்டிக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உலர் தீனி, அதில் பாதி புரதம் என்று வைத்துக்கொள்வோம். 5 × 0.5 × 0.092 = 0.23 கிராம். 300 லிட்டருக்கு 5 கிராம் என்பது தாராளமான தீனி. மீன் அதிகம் வைத்திருப்பவர்தான் அவ்வளவு போடுவார். உறைந்த தீனி போடுகிறவர்கள் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த 0.23 கிராமை நைட்ரேட்டாக மாற்ற எவ்வளவு பரப்பு வேண்டும்? மீன் பண்ணைகளின் வடிகட்டிகளில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு 0.2 முதல் 1 கிராம் வரை அம்மோனியா நைட்ரஜனைக் கையாளும் என்று வைத்து வடிவமைப்பார்கள். அங்கே தண்ணீரில் அம்மோனியா அதிகம். நம் தொட்டியில் அது சோதனைக் கருவிக்கே எட்டாத அளவு. அம்மோனியா குறைந்தால் பாக்டீரியாவின் வேகமும் குறையும். அதனால் கஞ்சத்தனமாக 0.05 கிராம் என்றே எடுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தாலும் 4.6 சதுர மீட்டர் போதும். பெரிய சாப்பாட்டு மேசையின் மேல்பரப்பு போல இரண்டு மூன்று.

இப்போது வீணான பிளாஸ்டிக்கைக் கணக்கில் கொண்டுவருவோம். தண்ணீர் பாட்டில் மூடி சுமார் 3 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம். உள்ளும் புறமும் சேர்த்து ஒரு மூடிக்கு ஏறக்குறைய 42 சதுர செ.மீ. பரப்பு. அள்ளிக் கொட்டினால் ஒரு லிட்டர் இடத்தில் 55, 60 மூடி பிடிக்கும். ஆகவே லிட்டருக்கு கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 5 மி.மீ. ஸ்ட்ராவை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் ஒரு லிட்டரில் 3,000 துண்டு வரை போகும்; பரப்பு 0.9 சதுர மீட்டரைத் தொடும். பெட் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி நாடாவாக வெட்டி, நெருக்காமல் ஒரு லிட்டர் இடத்தில் 70 கிராம் போட்டால் சுமார் 0.4 சதுர மீட்டர். இதே வேலைக்கென்றே செய்யப்பட்ட கே1 என்னும் சிறு பிளாஸ்டிக் சக்கரங்களுக்கு லிட்டருக்கு 0.5 சதுர மீட்டர் என்று கணக்கு.

அதாவது மொத்த வேலையையும் மீடியாவே சுமக்க வேண்டியிருந்தாலும் ஐந்து லிட்டர் ஸ்ட்ரா துண்டோ இருபது லிட்டர் மூடியோ போதும். பரப்பளவை வைத்து நடக்கும் பெரிய சண்டைகள் பாதி இங்கேயே அடங்கிவிடுகின்றன. எந்த மீடியாவை எடுத்தாலும் ஒரு வாளிக்குள் விஷயம் முடிந்துவிடும். ஒன்றை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் வேண்டும்.

ஒன்றும் போடாமல் விடுவது

இதைத் தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை. பவளத் தொட்டிக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

1980-களில் பெர்லினில் உருவான முறை, உயிர்க்கல்லும் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல்கல்) நல்ல ஸ்கிம்மரும் இருந்தால் தனி உயிரி வடிகட்டி வேண்டாம் என்று காட்டியது. அதே காலத்தில் அமெரிக்காவில் சொட்டுநீர்க் கோபுரமும் (மீடியாவின் மேல் தண்ணீர் சொட்டி இறங்கும் வடிகட்டி) பயோபாலும் கொடிகட்டிப் பறந்தன. 90-களில் அந்தப் பயோபால்களை எல்லோரும் வெளியே எடுத்துப் போட்டார்கள். "நைட்ரேட் தொழிற்சாலை" என்று அவற்றுக்குப் பட்டப்பெயரும் வந்தது.

அந்தப் பட்டப்பெயர் பாதி நியாயம், பாதி அநியாயம். மீடியா எதுவும் நைட்ரேட்டைச் சும்மா உருவாக்குவதில்லை. அது தீனியிலிருந்து வருகிறது. எங்கே உருவாகிறது என்பதில்தான் வித்தியாசம். நுண்துளைக் கல்லின் மேற்புறத்தில் அம்மோனியா நைட்ரேட்டாகிறது. அதில் ஒரு பகுதி அப்படியே உள்ளே ஊறிப்போய், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் நைட்ரஜன் வாயுவாகிறது. பிளாஸ்டிக்கில் அந்த "உள்ளே" கிடையாது. மேற்புறத்தில் உருவான நைட்ரேட் நேராகத் தொட்டித் தண்ணீருக்கே திரும்பும். மேலே பார்த்த 0.23 கிராம் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாகி, யாரும் அதைத் தொடாமல் விட்டால், 300 லிட்டரில் நாளுக்கு 3.4 மி.கி./லிட்டர் ஏறும். ஒரு வாரத்தில் இருபதைத் தாண்டிவிடும். நடைமுறையில் ஸ்கிம்மர், பாசி, பவளம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் அவ்வளவு ஏறாது. ஆனால் எந்தத் திசையில் தள்ளுகிறோம் என்பது தெரியும்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயமும் உண்டு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் ஜூசாந்தெல்லே பாசிக்கு அம்மோனியம் பிடித்தமான உணவு. நைட்ரேட்டைப் பயன்படுத்த அது முதலில் அதை அம்மோனியமாக மாற்ற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். அம்மோனியத்தை நேராக எடுத்துக்கொள்ளலாம். ஆக, பவளம் நிறைந்த தொட்டியில் கூடுதல் மீடியா போடுவது பவளத்தின் தட்டிலிருந்து எடுத்துப் பாக்டீரியாவுக்குக் கொடுப்பது. மீன் குறைவு, பவளம் அதிகம் என்றால் இந்தக் காரணம் ஒன்றே அந்தக் காலி அறையைக் காலியாகவே விடப் போதுமானது.

ஆல்கலினிட்டியும் (அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் திறன்) கவனிக்க வேண்டியது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் ஆல்கலினிட்டி செலவாகும். நம் 300 லிட்டர் உதாரணத்தில் அது நாளுக்கு 0.3 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு). கல்லின் ஆழத்தில் நைட்ரேட் வாயுவாகப் பிரியும்போது இதில் பாதி திரும்பக் கிடைக்கும், பிளாஸ்டிக்கில் கிடைக்காது.

ஒன்றும் போடாத வழி எங்கே தோற்கும்? கல்லே இல்லாத தொட்டியில். இப்போது பலரும் மூன்று நான்கு மெலிந்த கற்களை மட்டும் வைத்து, மணலும் போடாமல், அதில் டேங் மீன்களைக் கூட்டமாக விடுகிறார்கள். கண்ணுக்கு அழகுதான், ஆனால் பரப்பு கம்மி. ஃபிராக் (வெட்டி எடுத்த சிறு பவளத் துண்டு) வளர்க்கும் வெறும் தொட்டிகளும் அப்படியே. இங்கெல்லாம் மீடியா பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

வாங்கிப் போடும் மீடியா

செராமிக் கட்டி, தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த கண்ணாடி வளையம் போன்ற நுண்துளை மீடியாக்களின் பெட்டியில் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். பொய்யென்று சொல்ல முடியாது. வாயுவை உறிஞ்சவிட்டு அளக்கும் முறையில் நானோமீட்டர் அளவுத் துளைகளின் சுவர்களும் கணக்கில் சேரும். பாக்டீரியாவோ ஏறக்குறைய ஒரு மைக்ரான் பருமன். அந்தத் துளைகளின் வாசலில் நிற்கக்கூட அதற்கு இடமில்லை. பெரிய துளைகளும் நாளடைவில் பாக்டீரியாவின் பிசுபிசுப்பான படலத்தால் மூடிக்கொள்ளும். அதனால் அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நாம் போட்ட கணக்கில் தேவையே 4.6 சதுர மீட்டர்தான்.

அவற்றின் உண்மையான அனுகூலம் தடிமன். சில செ.மீ. தடிமனுள்ள கட்டியைச் சாதுவான ஓட்டத்தில் வைத்தால், நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைந்து நைட்ரேட் குறைப்பும் நடக்க வாய்ப்புண்டு. உடைந்த பவளக் கல்லும் இதையே செய்யும் என்பதால் எனக்குக் கல்தான் முதல் விருப்பம். சில செராமிக் கட்டிகள் போட்ட தொட்டிகளில் அலுமினியம் கூடியதாக ஐசிபி பரிசோதனைகள் (தண்ணீரில் உள்ள தனிமங்களை அளக்கும் ஆய்வகச் சோதனை) காட்டியதும் உண்டு. புதுச் சரக்கு என்பதாலேயே அது சுத்தம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

கே1 வகைச் சக்கரங்களின் கதை வேறு. 1980-களின் பிற்பகுதியில் நார்வேயில், கழிவுநீரைச் சுத்திகரிக்க உருவானவை. பொருள் எச்டிபிஇ, பால் கேன் செய்கிற அதே பிளாஸ்டிக். அடர்த்தி சுமார் 0.95 என்பதால் காற்றுக் குமிழ் அடித்தால் தொட்டி முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கும். ஒன்றோடொன்று உரசி வெளிப்புறப் படலம் உதிர்ந்துவிடும். சக்கரத்தின் உட்சுவர்களில் மட்டும் மெல்லிய, சுறுசுறுப்பான படலம் நிற்கும். அழுக்கும் சேராது. பவளத் தொட்டியில் இதற்கு எதிராக நிற்பவை நுண்குமிழும் இரைச்சலும் சம்ப் மூடியில் படியும் உப்பும். அதற்கு ஒப்புக்கொண்டால் மீன் அதிகமுள்ள தொட்டிக்கு இதைவிட நல்ல பிளாஸ்டிக் மீடியா இல்லை.

வீணான பிளாஸ்டிக்: எது ஆகும், எது ஆகாது

நைட்ரிஃபிகேஷன் செய்யும், அதாவது அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் உயிர்கள் இடத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீரில் போட்ட சில மணி நேரத்தில் எந்தப் பரப்பிலும் ஒரு கரிமப் படலம் படியும்; அதன்மேல்தான் அவை ஒட்டுகின்றன, பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக அல்ல. (அவை எல்லாமே பாக்டீரியாவும் இல்லை. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் ஆர்க்கியா (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் வேறு வகை நுண்ணுயிர்) ஒன்றை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தது 2005-ல், அதுவும் சியாட்டில் அக்வேரியத்தின் வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து. நைட்ரோசோபியூமிலஸ் என்று பெயர்.) வழுவழுப்பான புது பிளாஸ்டிக்கில் தொடக்கம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் அது என்ன கொண்டுவருகிறது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் இங்கே உதவும். 2 என்றால் எச்டிபிஇ, 4 எல்டிபிஇ, 5 பாலிபுரோப்பிலீன். இந்த மூன்றும் உணவுப் பொருள் வைத்த பாத்திரமாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 1 என்றால் பெட். தண்ணீர், சோடா பாட்டில். தயாரிப்பில் ஆன்டிமனி வினையூக்கி பயன்படுவதால் அதிலிருந்து மிகச் சொற்ப ஆன்டிமனி கசியும், சூட்டில் கூடுதலாக. தொட்டி வெப்பத்தில் அது பொருட்டில்லை என்பது என் கணிப்பு. ஆனால் கழுவும்போது வெந்நீர் ஊற்ற வேண்டாம், பாட்டிலும் சுருங்கிப் போகும். 3 பிவிசி. குடிநீருக்கான விறைப்பான குழாய்தான் பவளத் தொட்டிகளின் குழாய் வேலைக்கே பயன்படுகிறது, அதன் துண்டுகளில் தவறில்லை. வளைகிற பிவிசி வேண்டாம். அதை வளைய வைப்பதே அதில் கலந்த பிளாஸ்டிசைசர், அது மெல்ல மெல்ல வெளியே வரும். 6 பாலிஸ்டைரீன், தெர்மோகோல்: உதிரும். 7 "மற்றவை": என்னவென்று தெரியாததைப் போடுவானேன்?

எண்ணைவிட முக்கியம், அது முன்பு என்னவாக இருந்தது என்பது. ஷாம்பூ, சலவைத் திரவம், எண்ணெய், பூச்சிமருந்து இருந்த எதுவும் உதவாது. பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் வாசனைப் பொருளையும் எண்ணெயையும் உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். பத்து முறை கழுவினாலும் மூடியை மோந்து பார்த்தால் தெரியும். பழைய மின்சாதனப் பிளாஸ்டிக்கும் ஊர் பேர் தெரியாத கறுப்புப் பிளாஸ்டிக்கும் கூடாது. புரோமின் கலந்த தீத்தடுப்பு ரசாயனங்கள் மறுசுழற்சிக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வந்து சேர்வது தெரிந்த விஷயம். அமுக்கிப் பீய்ச்சும் மூடிகளுக்குள் எஃகுச் சுருள் ஒளிந்திருக்கும், அது துருப்பிடிக்கும்.

இனி வடிவங்களுக்கு வருவோம். மூடி பார்க்க எளிது, ஆனால் குணம் மோசம். நிமிர்ந்து கிடக்கும் ஒவ்வொரு மூடியும் ஒரு கிண்ணம். அதில் கசடு வந்து உட்கார்ந்துகொள்ளும். கவிழ்ந்து கிடப்பது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து துளை போட்டால் இரண்டும் தீரும். ஆனால் நூற்றுக்கணக்கான மூடிகளுக்குத் துளை போட உட்காரும்போதுதான் "இலவசம்" என்ற சொல்லின் உண்மை விலை தெரியும். சில மூடிகளின் உள்ளே மெத்தென்று ஒரு தனி வட்டு இருக்கும். அதை நெம்பி எடுத்துவிட வேண்டும். மூடியின் அடர்த்தி கடல்நீரின் 1.025-க்குக் கீழே என்பதால் மிதக்கும். வலைப்பையில் கட்டி, மேலே ஒரு கல்லை வைக்க வேண்டும்.

ஸ்ட்ரா துண்டுக்குப் பரப்பு அதிகம். புதிதாகப் போட்டதும் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு காற்றுக்குமிழ் சிக்கி எல்லாம் மேலே வந்து குவியும். படலம் பிடிக்கும்வரை பையை அவ்வப்போது தட்டிவிட வேண்டும். குறுகிய குழல் என்பதால் உட்புறம் சீக்கிரம் அடைபடும். ஓட்டம் வேகமான இடம்தான் அதற்குப் பொருத்தம்.

வீட்டுக் குப்பையில் எனக்குப் பிடித்தது பெட் நாடாதான். 1.38 அடர்த்தி என்பதால் தானாக மூழ்கும், பாட்டிலின் வளைவால் தானாகச் சுருளும், எண்ணெய் எதுவும் படாத தண்ணீர் பாட்டிலாக இருந்தால் வரலாறும் தெரியும். அரை செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் போதும். பையில் திணிக்கக் கூடாது: தட்டையான நாடாக்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகிவிடும், பரப்பு பாதியாகும். பசையும் லேபிளும் இருந்த நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். விளிம்பு கூர்மையாக இருக்கும். கையையும் பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் வலைநார் புதிதாக இருந்தால், சோப்பு கலக்காத ரகமாக இருந்தால், ஆகும். பழையதில் சோப்பு ஊறியிருக்கும்.

கடைசல் பட்டறையில் விழும் பிளாஸ்டிக் சுருளை நன்னீர்க் குளம் வைத்திருப்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். மெல்லியது, சுருண்டது, மூட்டை மூட்டையாகக் கிடைப்பது. வடிவத்தில் இதற்கு இணை இல்லை. பவளத் தொட்டி என்றால் நான் தயங்குவேன். அதே இயந்திரத்தில் காலையில் பித்தளை கடைந்திருப்பார்கள். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும். நன்னீர் மீன் தாங்கும் அளவுத் தாமிரம் நத்தையையும் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். கூலன்ட் எண்ணெய் வேறு. பிளாஸ்டிக் மட்டுமே கடையும், உலர்வாகவே கடையும் பட்டறை என்று நேரில் பார்த்து உறுதியானால் எடுக்கலாம்.

மைக்ரோபிளாஸ்டிக் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரேட் பேரியர் ரீஃப் பவளங்களை வைத்து 2015-ல் வெளியான ஆய்வு, பவளங்கள் பிளாஸ்டிக் துகள்களை உணவென்று விழுங்குவதைக் காட்டியது. படலம் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று சிலர் பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தேய்த்தால் அந்தத் தூள் ஒன்றுவிடாமல் போகும்வரை கழுவ வேண்டும். நானாக இருந்தால் தேய்க்கமாட்டேன், இரண்டு வாரம் கூடுதலாகக் காத்திருப்பேன். வீணான பிளாஸ்டிக்கைக் கே1 போலக் குமிழ் அடித்துச் சுழலவிடவும் கூடாது. கே1 உரசலுக்கென்றே செய்தது, ஸ்ட்ரா அப்படியல்ல. வெயிலோ வலுவான விளக்கோ படும் அறையில் பாலிபுரோப்பிலீன் நாளடைவில் நொறுங்கத் தொடங்கும். இருட்டறைதான் அதற்கு இடம்.

போடுவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். ஒரே வாளியிலிருந்து எடுத்த உப்புநீரை இரண்டு ஜாடியில் ஊற்றி, ஒன்றில் மட்டும் பிளாஸ்டிக்கை நெருக்கமாகப் போட்டு மூடி ஒரு வாரம் வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒரே மாதிரி குலுக்குங்கள். பிளாஸ்டிக் ஜாடியில் நுரை அடங்காமல் நின்றால் சோப்பு மிச்சம் இருக்கிறது. மேலே வானவில் படலம் மிதந்தால் எண்ணெய். இரண்டும் இல்லையென்றால் இரண்டு ஜாடியிலும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை) குஞ்சுகளை விட்டு இரண்டு நாள் பார்க்கலாம். ஆர்ட்டீமியா முரட்டு உயிர். அது செத்தால் அந்தப் பிளாஸ்டிக் குப்பைக்கே போகட்டும். பிழைத்தால் பவளமும் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, சந்தேகம் குறையும், அவ்வளவே. போட்ட பிறகு ஸ்கிம்மரைக் கவனியுங்கள். சோப்பு இருந்தால் அது பொங்கி வழியும். எண்ணெய் இருந்தால் நுரையே எழாமல் படுத்துவிடும்.

எந்தத் தொட்டிக்கு எது

கல்லும் மணலும் உள்ள, ஆறு மாதத்துக்கு மேல் ஓடும் பவளத் தொட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் எதுவும் வேண்டாம். அறை கண்ணை உறுத்தினால் உடைந்த பவளக் கல்லைப் போடுங்கள்.

கல் குறைந்த, மீன் அதிகமான தொட்டியில் நைட்ரேட்டைச் சமாளிக்க ஸ்கிம்மரோ பாசி அறையோ ஏற்கெனவே இருந்தால், பெட் நாடா இரண்டு பை தாராளமாகப் போடலாம். ஃபில்டர் பைக்குப் பிறகு, அழுக்கு வடிந்த தண்ணீர் ஓடும் இடத்தில். மாதம் ஒருமுறை, தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பையை முக்கி அலசினால் கசடு போய்விடும். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் படலத்தைக் கொன்றுவிடும். மீடியாவை மூடிய கேனிஸ்டர் வடிகட்டிக்குள் வைப்பதை நான் விரும்புவதில்லை. 0.23 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் செலவாகும். 25 டிகிரியில் 300 லிட்டர் கடல்நீர் முழுக்கவும் கரைந்திருக்கும் ஆக்சிஜனே இரண்டு கிராம்தான். மின்சாரம் போனால் கேனிஸ்டருக்குள் இருப்பவைதான் முதலில் மூச்சுத் திணறும். திறந்த அறையிலும் சொட்டுநீர்க் கோபுரத்திலும் அந்தப் பயம் குறைவு.

குவாரன்டைன் தொட்டிக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். அங்கே தாமிர மருந்து போடுவோம். கல்லும் பவள மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மருந்தின் அளவு நிலைக்காது, பிறகு அதே தாமிரம் மெல்லக் கசியும். நுண்துளை செராமிக்கும் நம்பத்தக்கதல்ல. பிளாஸ்டிக் தாமிரத்தை ஏறக்குறைய பிடித்து வைக்கவே வைக்காது. மீன் வருவதற்கு ஒரு மாதம், ஆறு வாரம் முன்பே ஒரு பை பெட் நாடாவைப் பிரதான தொட்டியின் சம்பில் போட்டுவைத்தால், தேவைப்படும் நாளில் படலத்தோடு எடுத்து மாற்றிவிடலாம். சிகிச்சை முடிந்ததும் அதை எறிந்துவிட மனம் கூசாது. செராமிக் கட்டி என்றால் கூசும், கூசி மறுபடி பவளத் தொட்டிக்குள் போட ஆசை வரும். தாமிரம் பட்ட எதுவும் திரும்பி அங்கே போகக் கூடாது.

ஏற்கெனவே பயோபாலோ மூடியோ போட்டு வருடக்கணக்கில் ஓடும் தொட்டியில், இதைப் படித்துவிட்டு இன்றே எல்லாவற்றையும் அள்ளி எடுக்க வேண்டாம். வேலையில் ஒரு பங்கை அவை சுமந்துகொண்டிருக்கும். வாரம் ஒரு பங்காக, கால்வாசிக்கு மேல் போகாமல் எடுத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் அம்மோனியாவைச் சோதித்துவிட்டு அடுத்த பங்குக்குப் போங்கள். அந்த வாரங்களில் புது மீன் விடாமலும் தீனியைக் கூட்டாமலும் இருந்தால் போதும்.